மறு: படகுப் பாதுகாப்புக் கருவிகள் – ‘கில் கார்ட்’டுக்கு ‘நிறுத்துகயிறு’

அனைவருக்கும் வணக்கம்.

பொழுதுபோக்குப் படகில் எடுத்துச்செல்ல வேண்டிய பாதுகாப்புக் கருவிகளுக்கு நாம் தமிழ்ப் பெயர் வைத்துவரும் பட்டியலில் பாதிச் சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ‘கில் கார்ட்’ என்ற கயிற்றில்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: கொல்கயிறு, அணைப்புக் கயிறு, உயிர்க்கயிறு, பொறிநிறுத்தி. இவற்றோடு ‘நிறுத்துகயிறு’ என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பட்டியலைப் படிப்பவர் நாளைக்கே படகில் ஏறக்கூடும்; பெயர் குழப்பினால் பாதிப்பு அவருக்குத்தான்.

முதலில் பொருள். விசைப்படகின் வேகக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு கொக்கி செருகியிருக்கும். கொக்கியிலிருந்து சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு வரும். அதன் மறுமுனையை ஓட்டுபவர் தொடையைச் சுற்றியோ உயிர்காப்புச் சட்டையின் உறுதியான வளையத்திலோ மாட்டிக்கொள்வார். அவர் இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்பட்டால் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நின்றுவிடும். இதன் வேலை அவ்வளவுதான்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆள் இல்லாத படகு நேராகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியின் முறுக்கு, பிடி இல்லாத சுக்கானை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கே, விசிறி சுழன்றபடி, திரும்பி வரும். நல்ல நீச்சல்காரர்கூட அதிலிருந்து தப்புவது கடினம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகுகளில் இந்த வசதி பொருத்தியிருந்தால், வேகமாகச் செல்லும்போது ஓட்டுபவர் அதை மாட்டியே ஓட்ட வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டரசுச் சட்டமே இருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘கொல்கயிறு’ வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்தில் எஞ்சினைக் ‘கொல்வது’ பழகிய பேச்சு. தமிழில் எஞ்சினை அணைப்போம், நிறுத்துவோம், ஆஃப் செய்வோம், யாரும் கொல்வதில்லை. உயிரைக் காக்கும் பொருளின் தலையில் அந்தச் சொல்லைக் கட்டினால், குழந்தையோடு படகில் ஏறுகிறவர் அதைத் தொடவே தயங்குவார்.

‘அணைப்புக் கயிறு’ மோசமில்லை. ஆனால் இதே பட்டியலில் தீயணைப்பான் இருக்கிறது, தீயணைப்புப் போர்வை இருக்கிறது. ‘அணைப்பு’ என்று கேட்டதும் படகில் உள்ளவர் மனம் தீயை நோக்கித்தான் ஓடும். படகில் தீ என்பது சாதாரணப் பயமும் அல்ல. கட்டி அணைப்பது என்ற பொருள் வேறு குறுக்கே நிற்கிறது.

‘உயிர்க்கயிறு’ கேட்க மிக அழகாக இருக்கிறது. பலரும் ஆதரித்திருக்கிறீர்கள். நான் இதைத்தான் மிகவும் எதிர்க்கிறேன், பரிந்துரைத்த அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். பாய்மரப் படகுகளில் இன்னொரு கயிறு உண்டு. மார்பில் அணியும் வார்ப்பட்டையில் ஒரு முனையும், தளத்தில் முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டிய நாடாவில் மறுமுனையும் மாட்டியிருக்கும். அது ஆளைப் படகோடு பிணைத்து வைக்கும். அலை அடித்தாலும் விட்டுவிடாது. கில் கார்ட் இதற்கு நேர் எதிர். அது இழுத்தவுடன் சுவிட்சை விட்டு வந்துவிடுவதற்காகவே செய்யப்பட்டது. ‘உயிர்க்கயிறு’ என்ற பெயரைக் கேட்டு, இது தன்னைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பி ஒருவர் தளத்தின் ஓரத்தில் சாய்ந்தால்? இரண்டு கயிற்றுக்கும் பொருந்துகிற பெயர் இரண்டில் எதற்கும் ஆகாது.

‘பொறிநிறுத்தி’ சரியான சொல்தான், ஆனால் அது சுவிட்சைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது கயிற்றின் பெயர்.

ஆகவே நிறுத்துகயிறு. இது வினைத்தொகை: நிறுத்திய கயிறு, நிறுத்துகின்ற கயிறு, நிறுத்தும் கயிறு. அதனால் இடையில் ‘க்’ மிகாது. ‘நிறுத்துக்கயிறு’ என்று எழுத வேண்டாம். இப்படிச் சொல் அமைப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. படகில் கயிறுகள் பல. ஒவ்வொன்றையும் அது செய்யும் வேலையின் வினையோடு சேர்த்துவிட்டால் பெயரே கட்டளையாகிவிடும். தண்ணீரில் விழுந்தவருக்கு வீசுவது எறிகயிறு. ஆளைத் தளத்தோடு பிணைப்பது பிணைகயிறு. எஞ்சினை நிறுத்துவது நிறுத்துகயிறு. மூன்றும் முதல் அசையிலேயே வேறுபடுகின்றன. இரைச்சலில், காற்றில், பாதிச் சொல் மட்டுமே காதில் விழுந்தாலும் எந்தக் கயிறு என்று தெரியும்.

வாய்க்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘நிறுத்துகயிறு மாட்டியாச்சா?’ தடையில்லாமல் வருகிறது. ‘உபரி நிறுத்துகயிறு எங்கே?’ இதுவும் வருகிறது. இரண்டாவது கேள்வி பட்டியலில் தனி வரியாகவே இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஓட்டுபவர் கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டால் கொக்கி அவரோடு போய்விடும். படகில் மிச்சம் இருப்பவர்கள் எஞ்சினை மறுபடி இயக்கி அவரை எடுக்க வேண்டுமானால் இன்னொரு கயிறு கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்புறம், கிளம்பும்முன் ஒருமுறை கொக்கியைப் பிடுங்கி எஞ்சின் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்ப்பதையும் அதே வரியில் சேர்க்கலாம்.

ஒரு நண்பர் எழுப்பிய நியாயமான தடை: இப்போது கயிறே இல்லாமல் கம்பியில்லாத் தொடர்பில் வேலை செய்பவையும் வருகின்றன, சிறு வில்லை ஒன்றை உடம்பில் மாட்டிக்கொண்டால் போதும், அதையும் ‘கயிறு’ என்பதா? வேண்டாம். சுவிட்சுக்கு ‘நிறுத்துவிசை’, கயிற்றுக்கு ‘நிறுத்துகயிறு’, வில்லைக்கு ‘நிறுத்துவில்லை’ என்று ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கும் ஒரு சொல்லை மறுபடி திறக்கிறேன். ‘லைஃப் ஜாக்கெட்’, நீந்துபவருக்கு மிதக்க உதவும் ‘பாயன்சி எய்ட்’ இரண்டுக்கும் வரைவில் ‘உயிர்காப்புக் கவசம்’ என்றே இருக்கிறது. கவசம் என்பது அடியைத் தாங்குவது. இங்கே வேலை மிதக்க வைப்பது. அதையாவது விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதை விட முடியாது.

சர்வதேசத் தர வரிசையான ஐஎஸ்ஓ 12402 இவற்றை மிதப்பு விசையின்படி நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: 50, 100, 150, 275 நியூட்டன். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசை. 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு. அணிந்திருப்பவர் நினைவிழந்தால் அது அவரை மல்லாக்காது. முகம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கலாம். 150 வகை, நினைவில்லாதவரையும் புரட்டி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வைப்பதற்காக அமைக்கப்பட்டது. கனத்த உடையோ கருவிகளோ அணிந்திருப்பவருக்கு 275.

குளிர்ந்த நீரில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அங்கே ‘1-10-1’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அடுத்த 10 நிமிடத்துக்குள் கைகால்கள் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிடும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது, உடல் குளிர்வதற்கு வெகு முன்பே நீச்சல் போய்விடுகிறது. நீந்தத் தெரிந்தவருக்கான சட்டையை நம்பியவர் பத்து நிமிடத்தில் நீந்த முடியாதவர் ஆகிறார்.

எனவே 50 நியூட்டன் வகைக்கு ‘மிதப்புத்துணை’ என்கிறேன். ‘துணை’ என்றால் முக்கிய வேலை உங்களுடையது, இது கூட வருகிறது, அவ்வளவே. ‘உயிர்காப்புச் சட்டை’ என்ற பெயரை 100-க்கும் அதற்கு மேலும் மட்டும் ஒதுக்குவோம். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கி அணிகிற ஒருவர், இந்தப் பெயர் வேறுபாட்டைப் பார்த்து ‘இது எத்தனை நியூட்டன்?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

தானே காற்றேறும் வகைக்கு ‘ஊதுசட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாயால் ஊத வேண்டும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார் என்பதால் எனக்கு ஒப்பில்லை. வாயால் ஊதும் குழாய் அதில் இருக்கிறது, ஆனால் அது கடைசி வழி. முதல் வழி, உள்ளே திருகி வைத்திருக்கும் கரியமிலவாயுக் குப்பி. 150 வகையில் பெரும்பாலும் 33 கிராம். சிலவற்றில் நனைந்ததும் ஒரு வில்லை கரைந்து குப்பியைத் திறக்கும், சிலவற்றில் நாமே நாடாவை இழுக்க வேண்டும். ‘காற்றேறு சட்டை’ என்றால் எல்லாம் அடங்கும். குப்பி தளர்ந்திருந்தால் காற்று ஏறாது. கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். எந்தச் சட்டையானாலும் தொடையிடுக்கு வார் கட்டாவிட்டால் தண்ணீரில் சட்டை காதுவரை ஏறிவிடும், ஆள் கீழே நழுவுவார். இந்த வாருக்கு ‘கவட்டுவார்’ என்பது வரைவிலேயே இருக்கிறது; நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

சைகை காட்ட எரிக்கும் சுடர்களை (ஃப்ளேர்) பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையில் பிடிப்பதற்குக் கைச்சுடர், வானில் ஏறிக் குடையில் இறங்குவதற்குக் குடைச்சுடர், ஆரஞ்சுப் புகைக்குப் புகைக்குறி என்று ஏற்றுக்கொண்டாயிற்று. வெள்ளைச் சுடரை மட்டும் ‘இடர்ச்சுடர்’ தலைப்பின் கீழிருந்து எடுத்துவிடுங்கள். அது ‘என்மேல் மோதிவிடாதே’ என்று இன்னொரு கலத்துக்குக் காட்டுவது; உதவி கேட்பதற்குச் சிவப்புதான். எல்லாவற்றிலும் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும் என்ற குறிப்பும் வேண்டும்.

ஆபத்தில் மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் ‘ஈபிர்ப்’ கருவிக்கு வந்த ‘இடர்காட்டி’ எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ‘இடங்காட்டி’ என்று ஜிபிஎஸ் கருவியை அதே பட்டியலில் எழுதியிருக்கிறோம். ஒரே எழுத்து வித்தியாசம், அதுவும் நனைந்த காகிதத்தில். ஒன்று நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குச் சொல்வது. மற்றது 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக மீட்பு மையத்துக்குச் சொல்வது. மீட்பு + அழைப்பி, ‘மீட்பழைப்பி’ என்று வைத்தால் குழப்பம் இல்லை. படகுக்கு உரியது கல மீட்பழைப்பி. குறைந்தது 48 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். ஆளோடு இருப்பது ஆள் மீட்பழைப்பி. அதற்கு 24 மணி நேரம். வாங்கியவுடன் பதிவு செய்ய வேண்டும், இல்லையேல் யார் அழைக்கிறார்கள் என்று மையத்துக்குத் தெரியாது.

படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் ‘பில்ஜ் பம்ப்’புக்கு ‘அடிநீர் இறைப்பான்’. மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். கூடவே கயிறு கட்டிய ஒரு வாளியையும் பட்டியலில் எழுதுங்கள்.

கடைசியாக ‘லைஃப் ராஃப்ட்’. இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், திருக்குறளில் கண்ணெதிரே இருக்கிறது. 306-ஆம் குறள் ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது. ஏமம் என்றால் காப்பு, புணை என்றால் தெப்பம். காக்கும் தெப்பம், ஏமப்புணை. இதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஆனாலும் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் ‘உயிர்காப்புத் தெப்பம்’ என்றே எழுதுவோம். ஏமம் என்ற சொல் இன்று பேச்சில் இல்லை; பதற்றத்தில் இருப்பவருக்கு அகராதி பார்க்க நேரம் ஏது? ஏமப்புணை கலைச்சொல் தொகுதியில் இணைச்சொல்லாக இடம் பெறட்டும், எழுத்தாளர்கள் எடுத்துப் புழங்கட்டும்.

தெப்பத்தின் பெட்டியோடு வரும் கயிற்றுக்கு இன்னும் பெயர் இல்லை. அதன் நுனியை முதலில் படகில் கட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தண்ணீரில் தள்ள வேண்டும். பிறகு கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்து, வெடுக்கென்று இழுத்தால் தெப்பம் விரியும். மேலே சொன்ன வரிசையில் ‘இழுகயிறு’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கட்டாமல் இழுத்தால் தெப்பம் காற்றோடு போய்விடும் என்பதால், ‘கட்டு’ என்ற வினை பெயருக்குள் வர வேண்டுமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பாய்மரப் படகு ஓட்டியவர்கள் யாராவது இதைப் பற்றி எழுதினால் அந்த வரியையும் நிரப்பிவிடலாம்.