வங்கி கவுன்டரிலிருந்து மறுபடி மொழியியலுக்கு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் எம்.ஏ. முடித்தபோது கடைசிவரை இந்தத் துறையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. வங்கித் தேர்வு எழுதி கவுன்டரில் உட்கார்ந்தேன், வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளுக்குத் தமிழ் ஒலிப்பதிவுகளைத் தயார்செய்யும் வேலை. சம்பளம் வங்கியைவிடக் குறைவு. தெரிந்துதான் வந்தேன்.

நேர்காணலில் ஒரு பதிவைக் கொடுத்து ஒலிகளைப் பிரிக்கச் சொன்னார்கள். ப்ராட்தான். பேச்சொலியைப் படமாக்கிக் காட்டும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அதே இலவச மென்பொருள். உயிரொலிக்குக் கரும்பட்டைகள், க்க, ட்ட, ப்ப வரும்போது காற்று அடைபடும் இடத்தில் வெள்ளை இடைவெளி. மாணவனாக இருந்தபோது பார்த்துப் பார்த்துப் பழகிய படம். கை தானாகவே எல்லைக்கோடு போட ஆரம்பித்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு பதிவு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தன் ஊர் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறார். ‘மழை’ வரும் இடமெல்லாம் ‘மள’ என்றுதான் சொல்கிறார். சரிபார்த்தவர் ‘உச்சரிப்புப் பிழை’ என்று குறித்து ஒதுக்கியிருந்தார். படத்தைத் திறந்து பார்த்தேன். ழ-வுக்குக் கீழிருந்து மூன்றாவது கரும்பட்டை நன்றாகக் கீழே இறங்கும். இங்கே அப்படி இறங்கவில்லை. பாட்டி சொன்னது ள-தான், ஆனால் அது பிழையே இல்லை. தென்மாவட்டங்களில் பலரும் பேசுவதே அப்படித்தான். இந்த மாதிரிப் பதிவுகளை எல்லாம் தூக்கிப் போட்டால், நாளைக்கு அந்த ஊர்க்காரர் போனில் பேசும்போது மென்பொருள் திணறும். குற்றம் அவர் நாக்கின் மேல் விழும்!

கூட்டத்தில் இதை விளக்கினேன். பொறியாளர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு வரியாக எழுதுகிறோம்: பேசியது பேசியபடி ஒன்று, எழுத்துத் தமிழில் ஒன்று. ஒதுக்கிய பதிவுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டோம். நான் படித்த படிப்பு இதற்குத்தானே!

இந்தப் படிப்பை முடித்துவிட்டு வேறு வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. ‘மொழியியலாளர்’ என்று தேடினால் அறிவிப்புகள் அதிகம் சிக்காது. ‘ஸ்பீச் டேட்டா’, ‘அனோட்டேஷன்’, ‘லாங்குவேஜ் டேட்டா’ என்று தேடிப் பாருங்கள். போவதற்கு முன் ப்ராட்டை இறக்கி, உங்கள் குரலையே பதிவுசெய்து கொஞ்சம் பிரித்துப் பழகிக்கொள்ளுங்கள்.