அம்மாவுக்கு நெஞ்சில் நெறிகட்டி: மீடியாஸ்டினோஸ்கோபி செய்தவர்கள் யாராவது?

அம்மாவுக்கு வயது 58. இரண்டு மாதமாக விடாத இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல். சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாயை ஒட்டி நெறிகட்டிகள் பெருத்திருக்கின்றன, பெரியது 2.4 செ.மீ. காசநோயா, சார்காய்டோசிஸா (நெறிகட்டிகளை வீங்கவைக்கும் ஓர் அழற்சி நோய்), லிம்போமாவா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம்.

முதலில் ஈபஸ் செய்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசியால் திசு எடுப்பது. அன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம். ரிப்போர்ட்டில் ‘மாதிரி போதவில்லை’. லிம்போமா சந்தேகம் இருப்பதால் இன்னும் பெரிய துண்டு வேண்டும் என்கிறார் டாக்டர். அதனால் இப்போது மீடியாஸ்டினோஸ்கோபி. முழு மயக்கம் கொடுத்து, மார்பெலும்புக்குச் சற்று மேலே சின்னதாகக் கீறி உள்ளே போவார்களாம். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அபூர்வமாகக் குரல் கம்மலாம் என்றும் சொன்னார். அம்மா மார்கழி பஜனையில் பாடுகிறவர். அவருக்கு அதுதான் கவலை, மற்றதெல்லாம் அப்புறம்.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்? குரல் எப்படி இருந்தது? இன்னொன்று. திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், டிபி கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய முடியாது. ஒரு பகுதியைத் தனியாக அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டவர்கள் யாராவது உண்டா? வியாழக்கிழமை ஆபரேஷன்.