மறு: மனநோய்ச் சிறை த்ரில்லருக்குத் தமிழ்ச்சொல்

> "மனநோயாளிச் சிறை"ன்னே வெச்சுக்கலாமே, படிச்ச உடனே புரியுது.

புரியுதுங்க ஐயா, ஆனா தப்பா புரியுதே, அதான் என் கவலை. ஆபத்தானவங்கன்னு நினைக்கற மனநோயாளிங்களைப் பூட்டி வெச்சு வைத்தியம் பாக்கற இடத்துல நடக்கற த்ரில்லர் நாவலுக்குத்தானே தமிழ்ச்சொல் தேடறோம். சிறைன்னா பெரும்பாலும் இத்தனை வருஷம்னு தீர்ப்புல இருக்கும், கைதி சுவத்துல கோடு கிழிச்சு எண்ணிக்கிட்டே வரலாம். இந்த மாதிரி இடத்துக்குள்ள இருக்கறவங்கள்ல பல பேருக்கு அந்தத் தேதியே கிடையாது, இவரை வெளிய விட்டா ஆபத்தில்லைன்னு முடிவாகற வரைக்கும் இருக்க வேண்டியதுதான். இந்த வகை நாவலோட பயமே அங்கதான் இருக்கு, நான் தெளிவாத்தான் இருக்கேன்னு ஒருத்தன் கத்தினா அதையும் நோயோட அறிகுறின்னு ஃபைல்ல எழுதிக்குவாங்க. சிறைன்னு பேர் வெச்சா அது அட்டையிலயே செத்துப்போயிடும்.

இங்கிலாந்துல பிராட்மூர்னு இப்படி ஒரு இடம் 1863ல திறந்தது. இன்னிக்கு அது மருத்துவமனை, உள்ள இருக்கறவங்க நோயாளிங்க. ஆனா 1952ல அங்கேர்ந்து தப்பிச்ச ஒருத்தர் ஒரு சிறுமியைக் கொன்ன பிறகு சுத்துவட்டாரத்துல சைரன் வெச்சாங்க, பல வருஷம் திங்கட்கிழமை காலைல 10 மணிக்கு சோதனைக்காக அது அலறிக்கிட்டிருந்துச்சு. வைத்தியம் பாக்கற இடம், அதுக்கு ஊருக்கே கேட்ட சைரன். இந்த ரெண்டும் ஒரே சொல்லுல நிக்கணும்.

அதனால "காப்பு"ங்கற சொல்லை எடுக்கறேன். பாதுகாக்கறதும் காப்பு, போலீஸ் கையில மாட்டறதும் காப்பு. மருத்துவமனைலேர்ந்து மனையை எடுத்துக்கிட்டா காப்புமனை. கதைன்னா காப்புமனைப் புனைவு, இல்ல காப்புமனை த்ரில்லர், த்ரில்லர் எல்லார் வாய்லயும் இருக்கு, அதைத் தொட வேணாம்.

> ஏற்கெனவே காப்பகம் இருக்கே?

இருக்கு, ஆனா குழந்தைகள் காப்பகம், முதியோர் காப்பகம்னு அது வேற பக்கம் போயிடுச்சு, அந்தப் பூட்டு சத்தம் அதுல கேக்கல.

இன்னொன்னு மனசுல உறுத்துது. வில்லியம் மைனர்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர், 1872லேர்ந்து 1910 வரைக்கும் பிராட்மூர்ல இருந்தவர். லண்டன்ல ஒருத்தரை சுட்டுக் கொன்னார், மனநிலை சரியில்லாததால குற்றவாளி இல்லைன்னுதான் தீர்ப்பு. அந்த அறைல உக்காந்து புத்தகம் புத்தகமா படிச்சு, எந்தச் சொல் எந்தப் பக்கத்துலன்னு பொடி எழுத்துல குறிச்சு, ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள் அனுப்பியிருக்கார். சொல் தேடற குழுல இருந்துக்கிட்டு அவரை சிறைக்கைதின்னு எழுத எனக்கு கை வரல.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. இங்கிலாந்துல இந்த மாதிரி மருத்துவமனைங்களுக்குப் பாதுகாப்பு உயர்ந்தது, நடுத்தரம், குறைஞ்சதுன்னு மூணு அடுக்கு. உயர்காப்புமனை, இடைக்காப்புமனை வரைக்கும் சரியா வருது, மூணாவதுக்கு "தாழ்காப்புமனை"ன்னு போட்டா தாழ்ப்பாள்தான் ஞாபகம் வருது, இருக்கறதுலயே பூட்டு கம்மியான இடத்துக்கு தாழ்ப்பாளை மாட்டின மாதிரி ஆயிடும். மென்காப்புமனைன்னு போடலாமா? இலக்கணம் தெரிஞ்சவங்க புணர்ச்சியையும் பாத்து சொல்லுங்க.