சத்துணவு வரிசையில் நடந்து, இன்னும் மனசை அரிக்கிற ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்களேன்

வடுவூரான்:
நானே ஆரம்பிக்கிறேன். 1999, ஐந்தாம் வகுப்பு. எனக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். தினமும் அதேதான். பக்கத்தில் உட்காருகிறவன் தட்டில் சாம்பார் சாதம் ஆவி பறக்கும். பெரிய அண்டாவில் விறகடுப்பில் கொதித்த சாம்பாருக்கு மட்டும் ஒரு புகை வாசனை வருமே, சாப்பிட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒருநாள் மாற்றிக்கொண்டோம். கேட்டது நான்தான். என் பெயர் சத்துணவுப் பட்டியலில் கிடையாது.

நாலு வாய் வைத்திருப்பேன், சார் வந்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து, "சோத்தை வித்துட்டியாடா?" என்றார். தட்டில் இருந்ததை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டச் சொன்னார். தூக்குவாளி என்னிடமே திரும்பி வந்தது. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் மிச்சத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன், ஒரு பருக்கை விடாமல்.

அமைப்பாளர் அம்மா:
தம்பி, அந்த சார் பேசியது தப்பு. ஆனால் சமையல்கூடத்துக்காரர்களின் பயமும் உங்களுக்குத் தெரியணும். நான் 1984-ல் அமைப்பாளராகச் சேர்ந்தவள், இப்போது ஓய்வு. எம்.ஜி.ஆர். போட்ட சோறு என்றுதான் எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம். பதிவேட்டில் 62 என்றால் 62 பேருக்குத்தான் படியளக்கலாம். கூடினாலும் குறைந்தாலும் கேள்வி.

முட்டை வாரம் ஐந்து நாள் ஆன பிறகு நடந்தது. ஆய்வுக்கு அதிகாரி வந்து நிற்கிறார். ஒரு முட்டை குறைகிறது. வேகவைக்கும்போது உடைந்ததோ, எண்ணும்போது தவறியதோ, எனக்கே தெரியவில்லை. கை நடுங்குகிறது. வரிசையில் கடைசியாக நின்ற மூன்றாம் வகுப்புப் பொண்ணு என் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், நான் முட்டை சாப்பிட மாட்டேன்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் இரண்டாவது முட்டை கேட்டு என் முந்தானையைப் பிடித்து இழுப்பவள் அவள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரணும். அன்றைக்குப் பழமும் இல்லை. மறுநாள் அவளுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுக்கலாம் என்று வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுபோனேன். அவள் வரவில்லை. குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்களாம்.

பழைய உப்புமா:
அம்மா மன்னிக்கணும், "எம்.ஜி.ஆர். போட்ட சோறு" என்பதில் ஒரு திருத்தம். 1982 ஜூலை 1-ல் பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கியது சத்துணவுத் திட்டம், அதைப் பெரிதாக்கியவர் அவர், மறுப்பில்லை. ஆனால் 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிய மதிய உணவில் வளர்ந்தவன் நான். அதற்கும் முன்னால் 1920-லேயே பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. இதைச் சொன்னால் உடனே கட்சிச் சண்டை ஆகிவிடும் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கதை சின்னது. 1966 வாக்கில், இரண்டு கை குலுக்குகிற படம் போட்ட மூட்டையில் அமெரிக்க மக்காச்சோள மாவு வரும். மஞ்சள் உப்புமா. ஒருநாள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன். ஆயா, "ஏன், உங்க ஆத்தா நெல்லுச்சோறு ஆக்கி வச்சிருக்காளா?" என்று கேட்டார். வீட்டில் இரவுதான் அடுப்பெரியும், அதுவும் கம்பங்கூழுக்கு. அது அவருக்கும் தெரியும், ஒரே தெரு. மறுபடி தட்டை நீட்டினேன். ஒன்றும் பேசாமல் முன்னைவிட அதிகமாகப் போட்டார்.

செவ்வாய்ப்பேட்டை:
எங்கள் அம்மா சத்துணவில் சமையலர். செறிவூட்டிய அரிசி வர ஆரம்பித்த புதிது. அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கும், மஞ்சளாக வேறு இருக்கும். ஊரெல்லாம் பிளாஸ்டிக் அரிசி என்று பேச்சு. வாட்ஸ்அப்பில் சோற்றைப் பந்தாக உருட்டிக் காட்டுகிற வீடியோ. நான்தான் அம்மாவிடம் சொன்னேன், "மிதக்கிறதை அரிச்செடுத்துக் கொட்டிடும்மா" என்று. நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன், அந்தத் திமிர்.

ஒருநாள் அம்மாவுக்கு உதவியாகப் போனேன். அரித்ததில் தப்பிய மணிகளை ஒரு பையன் பொறுக்கித் தட்டு விளிம்பில் வரிசையாக வைத்திருந்தான். "அக்கா, இன்னைக்குப் பதினேழு" என்று பெருமையாகக் காட்டினான். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது, ரத்தசோகைக்கு அடையாளம். அப்புறம்தான் அந்த மணியில் என்ன இருக்கிறது என்று படித்தேன். வாரக்கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு வந்த இரும்புச்சத்தை எங்கள் அம்மா கையாலேயே சாக்கடையில் கொட்ட வைத்திருக்கிறேன்.

நலம்நாடி:
எனக்கு அனுபவம் என்று பெரிதாக இல்லை, பையன் சத்துணவில் கொஞ்ச நாள் சாப்பிட்டான், அவ்வளவுதான். ஆனால் சகோதரி சொன்னதை ஒட்டிச் சிலது சொல்லியாக வேண்டும். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் பிழிந்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்பார்கள், அதனால்தான் அங்கங்கே தெரிகிறது. இதைச் சாப்பிட்ட கையோடு டீ கொடுத்தால் பாதி வீண். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு டீ கொடுப்பது பெரிய வியாதி. அதற்குப் பதில் எலுமிச்சை பிழியுங்கள், நெல்லிக்காய் கொடுங்கள், இரும்பு உடம்பில் ஒட்டும். பள்ளியில் வாரம் ஒருநாள் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பிள்ளை அடுத்த வாரம் ஜன்னல் வழியாக வீசிவிடும், ஆகவே சாப்பிட்ட பிறகுதான். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள். பூச்சி மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை கொல்லையில் சும்மா கிடக்கும்போது எதற்கு டப்பா பவுடர்? அப்புறம் தண்ணீர்...

செவ்வாய்ப்பேட்டை:
சார், இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லையே.

பெயர் வேண்டாம்:
எங்கள் பள்ளியில் புது சமையலர் அக்கா வந்தார், எங்கள் தெருக்காரர். மறுநாள் வரிசை பாதியாகிவிட்டது. மேலத்தெருப் பையன் ஒருவன், என் கூட்டாளி, மட்டும் தட்டோடு வந்து உட்கார்ந்தான். வாங்கிக்கொண்டான். சாப்பிடவில்லை. குனிந்து முகர்ந்து முகர்ந்து பார்த்தான். பசி. கேட்டுக்கு வெளியே அவன் பாட்டி நின்றிருந்தார். அக்கா கரண்டியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் நடக்கவில்லை.

நலம்நாடி:
வருத்தமான விஷயம். ஆனால் இதெல்லாம் அந்தக் காலம், இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

பழைய உப்புமா:
எந்தக் காலம் ஐயா? காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது 2023 ஆகஸ்ட் 25. அடுத்த மாதமே எட்டயபுரம் பக்கத்தில் ஒரு ஊரில், சமைத்தவர் யார் என்று பார்த்துப் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அமைச்சரும் எம்.பி.யும் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. எட்டயபுரம்! நான் மேலே எந்த ஊரைப் பெருமையாக எழுதினேன் என்று பாருங்கள்.

அமைப்பாளர் அம்மா:
பெயர் வேண்டாம் என்று எழுதிய பிள்ளைக்கு: அந்த அக்கா வேலையை விட்டுவிட்டாரா?

பெயர் வேண்டாம்:
இல்லைம்மா. ஒரு மாசம் பாதி அரிசிதான் உலையில் போட்டார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். முட்டை போடுகிற நாளில் முதலில் வந்தார்கள்.

வடுவூரான்:
இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சார் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. இல்லை என்று சொல்கிறானோ என்னவோ. "நீ ஒருநாள் தயிர்சாதம் குடுத்தியே, அதுல ஒரே ஒரு வாய் வச்சேன்டா" என்றான். கொஞ்சம் கழித்து, "அந்த நார்த்தங்காய் இன்னும் உங்க வீட்ல போடுறாங்களா?" என்று கேட்டான்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கடையில் வாங்கித்தான் கொண்டுபோகணும்.