சின்ஸா, ஃபாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். தங்கை பேங்க் இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். இங்கிலீஷில் 'சின்ஸ்' (since) எங்கே வரும், 'ஃபார்' (for) எங்கே வரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ் 2019', 'சின்ஸ் மண்டே'. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. இதுவரை சரி.

நம்ம ஊர் ஆபீஸ்களில் சகஜமாக ஓடும் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' தப்பு, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் வரணும் என்றேன். உடனே, "அப்போ கடைசியில் 'அகோ' (ago) சேர்த்து 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ் அகோ' என்றால் சரியாகிடுமா?" என்று மடக்கிவிட்டாள்! எனக்கு அது காதில் உறுத்துகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

இங்கே இங்கிலீஷ் டீச்சர்கள் யாராவது இருக்கிறீர்களா? இலக்கண விதியெல்லாம் வேண்டாம். வீட்டில், ஆபீஸில் பேசுகிற மாதிரி நாலு வாக்கியம் போட்டால் போதும். அடுத்த வாரம் இன்டர்வியூ.