ஏரிப் பாசன ஆய்வு நூல், 500 பிரதி: விளம்பரத்தை எங்கிருந்து தொடங்குவது?

புதுக்கணக்கு:
வணக்கம். ஆய்வு நூல்கள் மட்டுமே போடும் சிறிய பதிப்பகம் எங்களுடையது. தமிழ்நாட்டின் ஏரிப் பாசனம் பற்றி ஒரு நூல் தயாராகிறது. 288 பக்கம், 18 ஃபாரம் (16 பக்கம் கொண்ட அச்சுத்தாள் மடிப்பு), விலை 350 ரூபாய், முதல் அச்சு 500. மெய்ப்பு (அச்சுக்கு முந்திய பிழைதிருத்தம்) மே மாதத்தில் முடிந்துவிடும். விளம்பரத்துக்கு 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்போதைய திட்டம் இதுதான்: ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி வெளியீட்டு விழா, எட்டுப் பேச்சாளர்கள், பத்திரிகைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் 100 இலவசப் பிரதிகள். இதில் எதை மாற்றலாம்?

மெய்ப்புத்தாள்:
முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஜனவரியில் எல்லாப் பதிப்பகமும் ஒரே வாரத்தில் நூல்களைக் கொண்டுவந்து கொட்டும். அந்தக் குவியலில் ஆய்வு நூலுக்கு நாளிதழில் கிடைப்பது 'வரவு' பகுதியில் ஒரு வரிதான்.

உங்கள் நூலுக்கென்று இயற்கையே ஒரு பருவம் வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். "ஏரிகள் நிரம்பின", "கலிங்கு (ஏரியின் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தது", "ஆக்கிரமிப்பால் வெள்ளம்" என்று செய்திகள் வரிசையாக வரும். 2015 டிசம்பருக்குப் பிறகு செம்பரம்பாக்கத்தின் பெயர் அடிபடாத மழைக்காலம் இல்லை. அந்த நேரத்தில் ஏரியைப் பற்றி விவரம் தெரிந்து பேசக்கூடிய ஆளைச் செய்தியாளர்கள் தேடுவார்கள். உங்கள் ஆசிரியர்தான் அந்த ஆள் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் நூல் கையில் இருக்கட்டும்.

மே மாதமே ஆசிரியரிடம் ஒரு வினாப்படிவம் கொடுத்துவிடுங்கள். நூலில் புதிதாக என்ன இருக்கிறது என்பதை 30 சொல்லில் எழுதச் சொல்லுங்கள். எந்தெந்தப் பாடத்திட்டத்தில் இது துணைநூலாகச் சேரும், இதை மதிப்பிடத் தகுதியுள்ள 15 பேர் யார், எந்த இதழ்களில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எப்போது ஊரில் இருப்பார் என்பதெல்லாம் அதில் வேண்டும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் மழை கொட்டும் வாரத்தில் ஆசிரியர் வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

நூலகவாசல்:
விழா, பேச்சாளர் எல்லாம் பிறகு. நூலின் விவரக்குறிப்பு சரியாக இருக்கிறதா? ஆய்வு நூலை வாங்குபவர் பெரும்பாலும் தேடித்தான் வருவார். தேடும்போது அகப்படாத நூல் அவரைப் பொறுத்தவரை அச்சிடப்படாத நூல்.

தமிழ்ப் பதிப்பகங்களில் வழக்கமாக நடக்கும் தவறு எழுத்துருவில் இருக்கிறது. பக்கங்களை யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அமைத்திருந்தால், பிடிஎஃப் கண்ணுக்கு அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் கோணல்மாணலான குறிகள் வரும். கூகுள் புக்ஸில் ஏற்றினாலும் உள்ளே தேட முடியாது. அச்சுக்குப் போகுமுன் உரை முழுவதும் யூனிகோடில் ஒரு கோப்பாக இருக்கட்டும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் மாற்றினால் 'ஸ்ரீ', 'க்ஷ', கொம்பும் காலும் சேரும் 'கொ', 'கோ' வரிசை ஆகியவற்றைக் கண்ணால் சரிபாருங்கள். பிசகு அங்கேதான் வரும்.

அடுத்தது தலைப்பின் ஆங்கில எழுத்துவடிவம். அட்டையின் பின்புறம் ஒன்று, இணையக் கடையில் இன்னொன்று, ஆசிரியர் தரும் பட்டியலில் மூன்றாவது என்று இருந்தால் ஒரே நூல் மூன்று நூலாகிவிடும். ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஆசிரியர் பெயரின் முதலெழுத்துக்கும் இதே விதி. கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் மூன்றுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) வேண்டும். அது ராஜா ராம்மோகன் ராய் முகமையில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது; கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டு அட்டையை நிறுத்தி வைக்காதீர்கள்.

நூலகங்களுக்கு நூல் அனுப்புவது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கு வெளியான 30 நாளுக்குள் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். இது கடமை மட்டுமல்ல. நூலகப் பட்டியல்களில் நூல் ஏறுவதற்கான முதல் படியும் இதுதான். புதுதில்லியில் 1962 முதல் இயங்கும் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அலுவலகத்துக்கும் உங்கள் புதுநூல் பட்டியலை அனுப்புங்கள். அவர்கள் தமிழ் நூல்களையும் வாங்குகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் அந்த வழியாகவே பிரதிகள் போகின்றன.

கடைசிப்பக்கம்:
செப்டம்பர் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஜனவரிக் காட்சியைக் கைவிடச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரங்கில் நேரடியாக விற்றால் கடைக்காரருக்குத் தரும் கழிவு (விலைத் தள்ளுபடி) மிச்சம். செப்டம்பரில் பேசவையுங்கள், ஜனவரியில் விற்றுக்கொள்ளுங்கள். நாளிதழில் வந்த மதிப்புரையின் நல்ல இரண்டு வரியை அச்சிட்டு அரங்கில் நூலுக்கு மேலே வைத்தால், எட்டுப் பேச்சாளர் செய்யாததை அது செய்யும்.

100 பிரதி இலவசம் அதிகம். அச்சிட்டதில் ஐந்தில் ஒரு பங்கு! 40 போதும்: சட்டப்படி 4, பத்து இதழ்களுக்கு 20 (மதிப்புரைக்கு இரண்டு பிரதி என்பது பழைய வழக்கம், இன்னும் பல இடங்களில் கேட்கிறார்கள்), பாடத்தில் சேர்க்க வாய்ப்புள்ள ஆசிரியர்களுக்கு 6, சுற்றுச்சூழல் செய்தியாளர்களுக்கு 6, கையிருப்பு 4. "ஆசிரியர் குழு" என்று முகவரி எழுதிய உறை பழைய புத்தகக் கடைக்குத்தான் போகும். மதிப்புரைப் பக்கத்தைக் கவனிப்பவரின் பெயரைக் கேட்டறிந்து அனுப்புங்கள். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால் தொல்லை.

நாளிதழுக்கும் ஆய்விதழுக்கும் காலக்கணக்கு வேறு. நாளிதழுக்கு மூன்று மாதத்தில் நூல் பழசு. ஆய்விதழில் மதிப்புரை வர ஓராண்டு, ஈராண்டு ஆகும். அதனால் ஆய்விதழ்ப் பிரதிகள் முதல் நாளே போகட்டும்.

செய்திக் குறிப்பை பிடிஎஃப் இணைப்பாக அனுப்பாதீர்கள், யாரும் திறப்பதில்லை. மின்னஞ்சலுக்குள்ளேயே 200 சொல்லில் எழுதுங்கள். "அரிய நூல்", "காலத்தின் தேவை" என்ற அடைமொழிகளுக்குப் பதிலாகச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்: எந்த மாவட்டத்தின் எந்த ஏரிகள், எந்த ஆண்டின் ஆவணம், பக்க எண்.

நூலிலிருந்து ஒரு பகுதியை 1,200 சொல்லுக்குச் சுருக்கி ஒரே ஒரு இதழுக்குக் கொடுக்கலாம். இரண்டு இதழுக்கு ஒரே பகுதி போனால் இரண்டு கதவும் அடைபடும். ஒரு எச்சரிக்கை: ஆவணக் காப்பகத்திடம் படங்களுக்கு வாங்கிய அனுமதி பெரும்பாலும் நூலுக்கு மட்டும். நாளிதழில் அதே வரைபடத்தைப் போடத் தனி அனுமதி வேண்டியிருக்கலாம், கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

விழாவுக்குப் பதிலாக ஒரு மணி நேர உரையும் கேள்வி நேரமும் வையுங்கள். பெரிய மண்டபம் தேவையில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியான இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். மிச்சமாகும் பணத்தை ஒளிப்பதிவுக்குப் போடுங்கள். தனி ஒலிவாங்கி இல்லாமல் எடுத்த காணொளி வேண்டவே வேண்டாம்.

புதுக்கணக்கு:
மிக்க நன்றி. பிரதிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சிக்கல் பாக்கி. பின்னட்டைக்கு ஆசிரியர் தந்திருப்பது இப்படித் தொடங்குகிறது: "நீர்சார் ஆளுகையின் அதிகாரப் பரவலாக்கம் குறித்த ஒரு மறுவாசிப்பு." மாற்றச் சொன்னால் வருத்தப்படுகிறார். பின்னட்டைக் கருத்துரைக்காக அச்சுக்கு முன்பே அறிஞர்களுக்குப் பிடிஎஃப் அனுப்பினால் இணையத்தில் கசிந்துவிடும் என்றும் அஞ்சுகிறார்.

மெய்ப்புத்தாள்:
"உங்கள் வரி அறிமுகவுரைக்குப் பொருந்தும், அட்டைக்குக் கேள்வி வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "மடையை யார் திறப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்பதை ஊரே முடிவு செய்த காலம் எப்படி முடிவுக்கு வந்தது?" இதில் ஆய்வுப் பொருளும் கெடவில்லை, குடிமராமத்து (ஊரார் சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் முறை) என்று கேள்விப்பட்டவருக்கும் புரியும். 'முதன்முதலாக' என்ற சொல்லை மட்டும் அட்டையில் போடாதீர்கள். ஒரு மதிப்புரையாளர் பழைய நூல் ஒன்றைக் காட்டிவிட்டால் மதிப்புரை முழுவதும் அதைப் பற்றியே இருக்கும்.

பிடிஎஃப் விஷயம்: முழு நூலை அனுப்ப வேண்டியதில்லை. பின்னட்டைக் கருத்துரை கேட்கும் அறிஞர்களுக்கு முன்னுரையும் இரண்டு இயல்களும் போதும், எட்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பெறுநர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் நீர்க்குறியாக இருக்கட்டும். "திருத்தப்படாத மெய்ப்பு, மேற்கோள் காட்ட அச்சுப் பிரதியோடு ஒப்பிடவும்" என்றும் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பின்னால் திருத்திய பிழை மேற்கோளாக உலவும்.

நூலகவாசல்:
இன்னொன்று. முதல் கட்டுரை அச்சேறும் நாளுக்கு முன் உங்கள் இணையக் கடையில் நூல் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும், முக்கியக் கடைகளில் ஐந்தைந்து பிரதியாவது இறங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதிப்புரை படித்தவர் திங்கள்கிழமை கடையில் கேட்டு "வரலையே சார்" என்று பதில் கிடைத்தால் மறுபடி வரமாட்டார். அச்சகம் சொன்ன தேதியை நம்பிச் செய்தியாளருக்கு நாள் குறிக்காதீர்கள். கட்டு உங்கள் கிடங்குக்கு வந்து, நாலு பிரதியைப் பிரித்து ஃபாரம் மாறாமல் தைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு நாள் சொல்லுங்கள்.