எஸ்ஜிஓடி 186, எஸ்ஜிபிடி 58: கல்லீரலா, தசையா?

கேள்வி – மருந்தியல்_மாணவர்
ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏஎஸ்டி (எஸ்ஜிஓடி) என்சைம் 186, ஏஎல்டி (எஸ்ஜிபிடி) என்சைம் 58. கல்லீரலுக்குப் பார்க்கும் மற்ற அளவுகளான பிலிருபின், அல்புமின், ஜிஜிடி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எல்லாம் நார்மல். மதுப் பழக்கம் கிடையாது. ஏஎஸ்டி/ஏஎல்டி விகிதம் 2-ஐத் தாண்டினால் குடி என்றுதான் படித்திருக்கிறோம். இங்கே அது உதைக்கிறதே? அடுத்து எதைப் பார்ப்பது?

பதில் – உயிர்வேதி
அந்த 2 கணக்கு, கோளாறு கல்லீரலில்தான் என்று தெரிந்த பிறகு போட வேண்டியது. ஏஎல்டி பெரும்பாலும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் சரக்கு. ஏஎஸ்டி அப்படியில்லை, இதயம், எலும்புத்தசை, சிறுநீரகம், சிவப்பணு என்று எங்கு செல் உடைந்தாலும் ரத்தத்துக்கு வரும். செய்யும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்: அமினோ தொகுதியைக் கழற்றி ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டில் மாட்டுவது. அலனின் பைருவேட் ஆகும், அஸ்பார்டேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகும். மறுபக்கம் குளூட்டமேட் கிடைக்கும்.

முதலில் சிகே (கிரியேட்டின் கைனேஸ், தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) பாருங்கள். தசையைப் பாதிக்கக்கூடிய கடும் உடற்பயிற்சி, ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை, தைராய்டு குறைவு மூன்றையும் விசாரியுங்கள். நெஞ்சுவலி இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் ட்ரோபோனின் (இதயத்தசை பாதிப்பைக் காட்டும் பரிசோதனை).

பதில் – லேப்_மேசை
அதற்கும் முன்னால் சாம்பிள். ஊசியில் வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும். ஏஎஸ்டியோடு, சிவப்பணுவுக்குள் இருக்கும் எல்டிஎச் என்சைம், பொட்டாசியமும் ஏறியிருந்தால் மறுபடி ரத்தம் எடுப்பதே நல்லது.

இன்னொன்று, ரீஏஜென்ட் (லேபில் அளக்கப் பயன்படுத்தும் வேதிக்கலவை). இரண்டு என்சைமும் வேலை செய்யத் தேவையான துணைக்காரணி, வைட்டமின் பி6-லிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட். அது சேர்க்காத கிட்டில், டயாலிசிஸ் செய்பவர், ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்து எடுப்பவர் போன்ற பி6 குறைந்தவர்களுக்கு அளவு போலியாக இறங்கும். அடி அதிகம் படுவது ஏஎல்டிக்கு. விகிதம் தானாகவே ஏறிவிடும். குடிப்பவர்களிடம் ஏஎல்டி ஏறாமல் நிற்பதற்கும் பி6 குறைவு ஒரு காரணம்.

மருந்தியல்_மாணவர்
நன்றி. சீரம் தெளிவாகத்தான் இருந்தது. சிகே 6,400, எடைப் பயிற்சி புதிதாகத் தொடங்கியவராம். பயிற்சியை நிறுத்தி 4 நாள் கழித்து ஏஎஸ்டி 61, ஏஎல்டி 54. ஏஎல்டி மட்டும் ஏன் அசையவில்லை?

பதில் – உயிர்வேதி
அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், அதில் வித்தியாசம். ரத்தத்தில் ஏஎஸ்டிக்குச் சுமார் 17 மணி நேரம், ஏஎல்டிக்கு 47. தசையிலும் கொஞ்சம் ஏஎல்டி உண்டு. வெளியே வந்தது மெதுவாகத்தான் கழியும். இன்னும் சில நாளில் ஏஎல்டி ஏஎஸ்டியை மிஞ்சினாலும் ஹெபடைடிஸ் என்று பதற வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஏஎஸ்டி, ஏஎல்டி, சிகே மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சிகே இறங்கிய பிறகும் ஏஎல்டி நின்றால்தான் ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் பக்கம் போக வேண்டும். அதுவரை சிறுநீர் கறுத்து வருகிறதா என்று கேளுங்கள், கிரியேட்டினினும் பாருங்கள். இந்த சிகே அளவில் எனக்குக் கவலை, உடைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்பதுதான்.

பதில் – லேப்_மேசை
சிகே நார்மலாக இருந்து, ஏஎஸ்டி மட்டும் மாதக்கணக்கில் உயர்ந்தே நின்றிருந்தால் மேக்ரோ ஏஎஸ்டி: என்சைம் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தை விட்டுப் போகாமல் சுற்றும். பாலிஎதிலீன் கிளைக்கால் போட்டு வீழ்படிவாக்கி, மேலே தெளிந்ததில் அளந்தால் ஏஎஸ்டி காணாமல் போயிருக்கும். அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.